சர்வருக்கு ஒரு வல்லாய்ம

ஷிம்னாவின் அலுவலகத்தில் யாரும் 'எரர் வந்திருக்கிறது' என்று சொல்வதில்லை. "வல்லாய்ம வந்திருக்கு" என்பார்கள். அந்தச் சொல்லை அங்கே கொண்டுவந்தவர் ஷிம்னாதான். காய்ச்சல் என்று சொல்ல முடியாது, வலி என்றும் சொல்ல முடியாது, ஆனால் உடம்பு சரியில்லை என்பது மட்டும் உறுதி. அந்த நிலைக்கு மலையாளத்தில் வல்லாய்ம என்று பெயர்.

படிப்பை முடித்ததும் அவருக்குக் கிடைத்த முதல் வேலை, சேர்த்தலையில் ஒரு மருத்துவமனையின் விசாரணை மேசையில். வருகிறவர்களை எந்த டாக்டரிடம் அனுப்புவது என்று முடிவு செய்ய வேண்டும். "என்ன செய்யுது?" என்று கேட்டால் பாதிப் பேர் "ஒரு வல்லாய்ம" என்பார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. ஷிம்னா கேள்வியை மாற்றினார். "அதுக்குக் கொஞ்சம் முன்னாடி என்ன செஞ்சுட்டிருந்தீங்க?" மாடிப்படி ஏறினேன் என்றவர் நெஞ்சு டாக்டரிடம் போனார். கல்யாண வீட்டில் சாப்பிட்டேன் என்றவர் வயிற்று டாக்டரிடம் போனார். பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு அஞ்சல் வழியில் கணினி படித்து, இப்போதைய நிறுவனத்தில் சேர்ந்தார். கூட்டுறவுச் சங்கங்களுக்கும் நூலகங்களுக்கும் இணையப் பக்கங்கள் செய்து கொடுக்கிற சின்ன இடம் அது. மற்றவர்கள் எழுதுவார்கள். எழுதியது படுத்துக்கொண்டால் ஷிம்னா எழுப்பி உட்காரவைப்பார். திரையில் "ஏதோ தவறு நேர்ந்துவிட்டது. மன்னிக்கவும். கொஞ்ச நேரம் கழித்து முயலுங்கள்" என்று வந்தால், மக்கள் கூப்பிடும் எண் அவருடையது. மேசை மாறியதே தவிர வேலை மாறவில்லை என்று வீட்டில் சொல்வாராம்.

அந்தக் கோடையில் குட்டநாட்டிலிருந்து தங்கச்சன் என்ற விவசாயி கூப்பிட்டார்.

"மோளே, இந்த 'கொஞ்ச நேரம்'னா எவ்வளவு நேரம்?"

"எந்தக் கொஞ்ச நேரம், சேட்டா?"

"உங்க ஆளுங்க எழுதி வெச்சிருக்கறதுதான். கொஞ்ச நேரம் கழிச்சுப் பண்ணுங்கன்னு. நானும் முந்தாநாள்லேருந்து பண்றேன். கஞ்சி குடிச்சுட்டு வந்து பண்ணேன். குளிச்சுட்டு வந்து பண்ணேன். நேத்து சர்ச்சுல மெழுகுவர்த்தி ஏத்திட்டு வந்தும் பண்ணேன். இன்னுமா கொஞ்ச நேரம் ஆகல?"

ஷிம்னாவுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த வாக்கியத்தில் நின்றுபோனது.

"சாயங்காலம் வள்ளம் போயிரும், மோளே. மழை வேற கட்டிக்கிட்டு நிக்குது."

பள்ளித்தற வயலில் அறுவடை முடிந்து, நெல் வெளிவரப்பில் குவிந்து கிடந்தது. கொள்முதல் செய்வது நெல் விவசாயிகளின் சங்கம். விவசாயி கைப்பேசியில் பதிவு செய்ய வேண்டும். பதிவானால் கொள்முதல் சீட்டு வரும். சீட்டு வந்த குவியலை மட்டும் ஆலையின் சரக்குப் படகான வள்ளம் ஏற்றிக்கொள்ளும். அன்று சாயங்காலம் அது பள்ளித்தறயை விட்டு அடுத்த வயலுக்குப் போனால், திரும்பி வருவதற்குள் கோடை மழை ஒரு சுற்று அடித்துவிடும். தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கும் நெல் முளைத்துவிடும். தங்கச்சனின் ஒரு போகம் முழுவதும் அந்தக் குவியலில் இருந்தது.

"சரி சேட்டா, அந்த மன்னிப்பு வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி என்ன செஞ்சீங்க? ஒண்ணொண்ணா சொல்லுங்க."

"நம்பரைக் கேட்டுச்சு, கொடுத்தேன். எவ்வளவு நெல்லுன்னு கேட்டுச்சு, சொன்னேன். அப்புறம் உன் பேரை நீயே அடின்னுச்சு. அடிச்சேன். சுத்துச்சு, சுத்துச்சு... மன்னிச்சுக்கோன்னுருச்சு."

பின்னாலிருந்து ஒரு பெண் குரல் உரக்க வந்தது. தங்கச்சனின் மனைவி அச்சாம்ம. கணவரை அவர் கூப்பிடுவது இச்சாயன் என்று. "அதுக்கு ஆம்பளைங்களைப் பிடிக்கலைன்னு சொல்லுங்க, இச்சாயா! எங்கப்பா எனக்குக் கொடுத்த வயல் கண்டத்து நெல்லு இதே போன்ல பதிவாகி, வள்ளத்துல ஏறி ஜம்முனு உக்காந்திருக்கு. உங்களுது இங்கேயே கிடந்து நாத்தா முளைக்கட்டும்."

"நீ சும்மா இரு. மோளே, அவ சொல்றதைக் காதுல போட்டுக்காத."

ஷிம்னா காதில் போட்டுக்கொண்டார். அதே கைப்பேசி, அதே வரப்பு. மனைவிக்குச் சீட்டு வந்திருக்கிறது, கணவனுக்கு வரவில்லை.

பெயரை விவசாயியே அடிக்கும் முறை அந்தப் போகத்தில்தான் வந்தது. அதற்கு முன் பட்டியலிலிருந்து தொட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். ஒரே வயலில் ஏகப்பட்ட குஞ்ஞுமோன்கள். ஒரு குஞ்ஞுமோன் இன்னொரு குஞ்ஞுமோனின் நெல்லைத் தொட்டுவிட்டு, இருவரும் சங்க அலுவலகத்தில் சட்டையைப் பிடிக்கும் அளவுக்குப் போயிற்று. செயலாளர் மாற்றித் தரச் சொன்னார். நிலத்தின் எண்ணோடு பெயரையும் அடித்து, இரண்டும் பதிவேட்டில் உள்ளதோடு பொருந்தினால்தான் சீட்டு. அந்தப் பக்கத்தை எழுதியவன் அபிஜித். நிறுவனத்திலேயே இளையவன், வேகமான கை.

"எனக்கு வருதே, சேச்சி. இங்க பாருங்க." அபிஜித் சோதனைப் பட்டியலில் தன் பெயரை அடித்துக் காட்டினான். சீட்டு வந்தது. ஷிம்னாவின் பெயரை அடித்தான். வந்தது. "சிக்னல் பிரச்சினையாத்தான் இருக்கும். வயல் நடுவுல நெட் எங்க கிடைக்குது?"

"பொண்டாட்டிக்கு மட்டும் கிடைக்குதாடா?"

சர்வர் தன் போக்கில் நடந்ததையெல்லாம் எழுதிவைக்கும் இடத்துக்கு லாக் என்று பெயர். ஷிம்னா அதைத் திறந்தார். தங்கச்சன் முயன்ற ஒவ்வொரு முறையும் நேரத்தோடு பதிவாகியிருந்தது. காரணம் என்று இருந்த இடத்தில் ஒரே வரி. எதிர்பார்த்தது கிடைக்கவில்லை, அவ்வளவுதான். எதை எதிர்பார்த்தது, எங்கே தேடியது என்று ஒன்றும் இல்லை.

"இதுவும் வல்லாய்மதான்" என்றார் ஷிம்னா.

நிறுவனத்தை நடத்தும் ரோஷன் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "கொள்முதல் சமயம். லோடு ஜாஸ்தியா இருக்கும். சர்வரை ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க."

செய்தார்கள். தங்கச்சன் அடித்தார். மன்னிப்பு வந்தது.

"கொஞ்ச நேரம் விட்டுப் பாப்போம்" என்றார் ரோஷன்.

"நீங்களுமா?"

ஷிம்னா மறுபடி தங்கச்சனைக் கூப்பிட்டார். வரப்பில் யார் யாருக்குச் சீட்டு வந்தது, யார் யாருக்கு வரவில்லை என்று கேட்கச் சொன்னார். தங்கச்சன் கைப்பேசியைக் காதில் வைத்தபடியே நடந்து, குவியலுக்குக் குவியல் குரல் கொடுத்தார்.

"எடா மத்தாயி, உனக்குச் சீட்டு வந்துச்சா? ... வந்துருச்சாம். ஔசேப்பு? ... அவனுக்கும் வந்துருச்சாம். குஞ்ஞுமோன் எல்லாருக்கும் மன்னிப்புதான். வர்கீஸுக்கு மன்னிப்பு. ஷெர்லிக்கு... ஷெர்லி, உனக்கு? ... ஐயோ, திட்டறா, மோளே. அவளுக்கும் வரல."

"அப்ப பொம்பளைக்கும் வரல" என்றார் ஷிம்னா.

"ஆம்பளைக்கும் வந்திருக்கு. என் பொண்டாட்டி வாயை அடைக்க இது போதும்." தங்கச்சனுக்கு அந்த நெருக்கடியிலும் அதில் ஒரு திருப்தி.

அபிஜித் வெள்ளைப் பலகையில் பெயர்களை எழுதினான். இடப்பக்கம் வந்தவர்கள், வலப்பக்கம் வராதவர்கள். வேகமாக எழுதுவதற்காக ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தான். "பேர் கடைசில 'ன்' வர்றவங்களுக்கு வரல" என்றான். "ஆனா வர்கீஸ்? ஷெர்லி?"

"இப்படி எழுதினா தெரியாது. மலையாளத்துல எழுதுடா."

எழுதினான். அப்போது தெரிந்தது. சொல்லுக்கு நடுவிலோ முடிவிலோ தனித்து நிற்கும் ன், ர், ல், ள் போன்றவற்றுக்கு நம்மைப் போலப் புள்ளி வைப்பதில்லை மலையாளத்தில். எழுத்தின் உருவமே மாறும், தலைக்கு மேல் ஒரு சின்ன வளைவு எழும். அதற்குச் சில்லு என்று பெயர். வலப்பக்கத்துப் பெயர் ஒவ்வொன்றிலும் ஒரு சில்லு இருந்தது. தங்கச்சனுக்கும் குஞ்ஞுமோன்களுக்கும் கடைசியில், வர்கீஸுக்கும் ஷெர்லிக்கும் நடுவில். இடப்பக்கத்தில் ஒருவருக்கும் இல்லை.

ஷிம்னா பதிவேட்டிலிருந்து தங்கச்சனின் பெயரை எடுத்து ஒரு வெற்றுப் பக்கத்தில் ஒட்டினார். அதற்குக் கீழே, தங்கச்சன் அடித்ததை லாக்கிலிருந்து எடுத்து ஒட்டினார். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கீழே இருந்த பெயரின் முடிவில் போய் அழிக்கும் விசையை ஒருமுறை தட்டினார். சில்லு மறைந்தது. மேலே இருந்ததிலும் அப்படியே தட்டினார். சில்லு மறையவில்லை. வளைவு போய், சாதாரண 'ன'வும் தலையில் பிறைக்குறியுமாக முகம் மாறி நின்றது.

"ஐயோ, உள்ள ஏதோ ஒளிஞ்சிருக்கு" என்றான் அபிஜித்.

ஒளிந்துதான் இருந்தது. கணினியில் சில்லை இரண்டு விதமாக எழுதலாம். பழைய விதத்தில், 'ன' போட்டு, பிறைக்குறி போட்டு, கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒட்டுக்குறியும் போட வேண்டும். மூன்றும் சேர்ந்தால் சில்லாகத் தெரியும். புதிய விதத்தில் சில்லே ஓர் எழுத்து. சங்கத்தின் பதிவேடு ஏதோ ஒரு காலத்தில் பழைய விசைப்பலகையில் அடிக்கப்பட்டது. இன்றைய கைப்பேசிகள் புதிய விதத்தில் அடிக்கின்றன. மனிதக் கண்ணுக்கு இரண்டும் தங்கச்சன். சர்வருக்கு வேறு வேறு ஆட்கள். தேடிய ஆள் பதிவேட்டில் இல்லை என்றதும், இல்லாத ஆளின் நிலத்தை எடுத்துப் படிக்கப் போய் அது தடுக்கி விழுந்தது. விழுந்ததை மறைக்க மன்னிப்புக் கேட்டது. அலுவலகத்துச் சோதனைப் பட்டியலோ அபிஜித் புதிதாக அடித்தது. எந்தப் பெயரைப் போட்டாலும் பொருந்தும்.

திருத்தம் சின்னதுதான். ஒப்பிடுவதற்கு முன் இரண்டு பெயர்களையும் ஒரே விதத்துக்கு மாற்றிவிட வேண்டும். அபிஜித் உட்கார்ந்த சூட்டில் எழுதிவிட்டான்.

ரோஷன் தயங்கினார். ஓடிக்கொண்டிருக்கிற பக்கத்தில் பகலில் கை வைப்பதில்லை என்பது நிறுவனத்தின் விதி. அந்த விதியை எழுதியவரும் அவர்தான். "ஆறு மணிக்கு மேல போடலாமே, ஷிம்னா? இப்ப போட்டு மத்தவங்களுக்கும் படுத்துருச்சுன்னா?"

"ஆறு மணிக்கு வள்ளம் இருக்காது."

"ரூல்னு ஒண்ணு இருக்கில்ல?"

ஷிம்னா வெள்ளைப் பலகைக்குப் போய், வலப்பக்கத்தில் கடைசியாக ரோஷன் என்று மலையாளத்தில் எழுதினார். முடிவில் அழகான ஒரு சில்லு. "உங்களுக்கும் ஒரு கண்டம் வயல் இருந்திருந்தா நீங்களும் இந்நேரம் வரப்புலதான் நிப்பீங்க."

ரோஷன் பலகையைப் பார்த்தார். "சங்கத்தோட அசல் பதிவேட்டை நகல் எடுத்து, அதுல எல்லாப் பேரையும் ஓட்டிப் பாருங்க. ஒண்ணு தப்பினாலும் போடக் கூடாது."

நியாயமான பேச்சு. ஓட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் தப்பவில்லை. போட்டார்கள்.

ஷிம்னா தங்கச்சனைக் கூப்பிட்டபோது எடுத்தது அச்சாம்ம.

"இச்சாயன் இங்க இல்ல. வள்ளத்தோட கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. வள்ளக்காரன் அவிழ்க்கறான், இவரு கட்டறாரு. என்ன விஷயம்?"

"சேச்சி, இப்ப வரும். நீங்களே பண்ணிருங்க. நம்பரைப் போட்டு, இச்சாயன் பேரை அடிங்க."

போனை வைக்காமல் அச்சாம்ம அடித்தார். ஷிம்னா காத்திருந்தார். அபிஜித் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"மன்னிப்பு கேக்குது" என்றார் அச்சாம்ம.

லாக்கைத் திறந்தார் ஷிம்னா. அதே வரி, எதிர்பார்த்தது கிடைக்கவில்லை. அதற்கு மேலே, சற்று முன் அடிக்கப்பட்ட பெயர் இருந்தது.

இச்சாயன்.

"சேச்சி," என்றார் ஷிம்னா, "நீங்க கூப்பிடற பேரு இல்ல. பத்திரத்துல இருக்கற பேரு. தங்கச்சன்."

"கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து நான் அவரைப் பேர் சொன்னதில்ல, மோளே. நீயும் இச்சாயன்னு சொன்னியா, கை தானா போயிருச்சு." பிறகு எழுத்துக் கூட்டி அடிக்கிற சத்தம். த, ங்க, ச்ச என்று ஒவ்வொன்றாக வாய்க்குள் சொல்லிக்கொண்டார். கடைசிச் சில்லைத் தேட நேரமானது. பிறகு காதைப் பொத்திக்கொள்ளும்படி ஒரு கத்தல். கத்தல் ஷிம்னாவுக்கு அல்ல, வரப்புக்கு.

"சீட்டு வந்துருச்சு! கயித்தை விடாதீங்க, தங்கச்சா!"

அடுத்தடுத்து குஞ்ஞுமோன்களுக்கும் வர்கீஸுக்கும் ஷெர்லிக்கும் சீட்டு வந்தது. மத்தாயியும் ஔசேப்பும் சேர்ந்து சுமந்தார்கள். கடைசி மூட்டை ஏறி, வள்ளத்துக்கு மேல் தார்ப்பாய் கட்டும்போது பெரிய துளிகளாக விழ ஆரம்பித்ததாம்.

கதை அத்தோடு முடிந்திருந்தால் ஷிம்னாவுக்கு வசதி. மறுநாள் காலையிலேயே தங்கச்சன் கூப்பிட்டார். ஆலையின் ஏஜெண்ட் நெல்லில் ஈரம் அதிகம் என்று மற்றவர்களுக்குக் கழித்ததைவிடக் கூடுதலாக எடையைக் கழித்திருந்தார். வரப்பில் கிடந்த நாட்களில் பனி இறங்கியிருந்தது. "என் குத்தமா மோளே அது? நான் காய வெச்ச அன்னிக்கே பதிவு பண்ணத்தான பாத்தேன்?"

ஷிம்னா அதை ரோஷனிடம் சொன்னார். சங்கத்துக்கு ஒரு விளக்கம் அனுப்ப வேண்டும் என்றார். ரோஷன் அங்கேயே எழுதிக் காட்டினார். 'தவிர்க்க இயலாத தொழில்நுட்பக் காரணங்களால் சேவையில் தற்காலிகத் தடங்கல் ஏற்பட்டது. சிரமத்துக்கு வருந்துகிறோம்.'

ஷிம்னா படித்தார். "இதைப் படிச்சுட்டு செயலாளர் என்ன பண்ணுவாரு?"

"என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண முடியாது. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி படிச்சுப் பாக்கலாம். இதுவும் வல்லாய்மதான், ரோஷன்."

"நம்ம தப்புன்னு எழுத்துல கொடுத்தா நாளைக்கு வேற சங்கம் நம்மகிட்ட வருமா?"

"நம்ம தப்புதான். அபி பேரைப் போடப் போறதில்ல. நம்ம பேரைப் போடுவோம்."

அபிஜித் தன் இடத்திலிருந்து, "போட்டாலும் பரவாயில்ல சேச்சி, என் பேர்ல சில்லு இல்ல" என்றான். யாரும் சிரிக்கவில்லை. அவனே கொஞ்சம் சிரித்துக்கொண்டான்.

ஷிம்னா எழுதியதில் அலங்காரம் இல்லை. பெயரை அடிக்கும் முறையை என்று கொண்டுவந்தோம், எந்த எழுத்து உள்ள பெயர்களுக்கு அது வேலை செய்யவில்லை, அந்த விவசாயிகள் முதலில் முயன்றது எப்போது என்று வரிசையாக இருந்தது. நெல் காய்ந்திருந்த நாளிலேயே இவர்கள் பதிவு செய்ய வந்தார்கள், தாமதம் எங்களுடையது என்று முடித்திருந்தார். ரோஷன் பேனாவை விரலில் உருட்டிக்கொண்டே இரண்டாவது முறையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அதை வைத்துச் சங்கத்தின் செயலாளர் ஏஜெண்டிடம் பேசினார். சாதாரணமாகக் கழிப்பதைக் கழித்துக்கொள், கூடுதலை விட்டுவிடு என்றார். ஏஜெண்ட் முணுமுணுத்துக்கொண்டே விட்டார். அந்தச் சங்கம் நிறுவனத்தை விட்டுப் போகவில்லை. புதிதாக வேறு சங்கமும் வரவில்லை.

அந்தப் பக்கத்தில் இப்போது மன்னிப்பு வருவதில்லை. பெயர் பொருந்தாவிட்டால், 'நீங்கள் அடித்த பெயர் இந்த நிலத்துக்குப் பதிவேட்டில் இல்லை. பத்திரத்தில் உள்ளபடி அடியுங்கள். அப்போதும் வராவிட்டால் காத்திருக்க வேண்டாம், கூப்பிடுங்கள்' என்று வருகிறது. கீழே ஷிம்னாவின் எண். ஒரே செய்திக்குப் பின்னால் ஒரு நாளில் இரண்டு வேறு வேறு தவறுகளைப் பார்த்த பிறகு அவரே உட்கார்ந்து எழுதிய வாசகம் அது. மற்ற சங்கங்களின் பக்கங்களிலும் பழைய மன்னிப்பைத் தேடித் தேடி மாற்றிவருகிறார். இன்னும் நிறைய பாக்கி இருக்கிறது.

அடுத்த போகத்தில் தங்கச்சனின் பதிவு தடையில்லாமல் போனது. ஆனாலும் கூப்பிட்டார்.

"என்ன சேட்டா, மறுபடி ஏதாவது வந்துச்சா?"

"உங்க பக்கம் ஒண்ணும் இல்ல. இங்கதான் ஒரு வல்லாய்ம. அன்னிக்கு வரப்புல ஊரே கேக்கற மாதிரி தங்கச்சான்னு கூப்பிட்டா பாரு, அதுலேருந்து அப்படியேதான் கூப்பிடறா. கஞ்சி குடிக்க வா தங்கச்சாங்கறா. பேரப் பிள்ளைங்க சிரிக்குது. பழையபடி இச்சாயன்னு ஆக்க முடியுமா?"

"சேச்சி எதுவும் தப்பா அடிக்கல சேட்டா" என்றார் ஷிம்னா. "பேரு பதிவேட்டுல இருக்கறபடிதான் இருக்கு."